பக்கத்து இலைக்காரருக்கு கொரோனா: பரிசோதனை எப்போது, அதுவரை என்ன செய்வது?

2025 மே, ஜூன் மாதங்களில் கொரோனா மறுபடி தலைகாட்டியபோது என் கைபேசி பழையபடி அடிக்க ஆரம்பித்தது. 2020, 2021-இல் ஓர் ஆய்வகத்தில் நாள் முழுக்க மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு மாதிரி எடுத்தவன் நான். சொந்தத்தில் யார் தும்மினாலும் அழைப்பு எனக்குத்தான் வரும். இத்தனை ஆண்டுகளாகியும் கேள்விகள் மாறவில்லை என்பதால், சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். மருந்து பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது.

கேள்வி: முகூர்த்தத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவருக்கு கொரோனா என்று இன்று தகவல் வந்தது. உடனே லேபுக்கு ஓட வேண்டுமா?

ஓட வேண்டாம். காய்ச்சல், தொண்டை வலி, இருமல் எதுவும் இல்லையென்றால் முதலில் போக வேண்டிய இடம் சமையலறைச் சுவர். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில் அந்தப் பந்தி நடந்த தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். அது பூஜ்யம். மறுநாள் ஒன்று. ஐந்து நாட்கள் முழுதாகக் கழித்து, ஆறாம் நாள் குச்சியை மூக்கில் விடுங்கள். நடுவில் உடம்பு சரியில்லாமல் போனால் காலண்டரை மறந்துவிட்டு அன்றைக்கே பரிசோதியுங்கள்.

ஏன் இந்தக் காத்திருப்பு? உடலுக்குள் நுழைந்த வைரஸ், குச்சியில் அகப்படும் அளவுக்குப் பெருகச் சில நாட்கள் ஆகும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. தொற்று ஏற்பட்டவரை முதல் நாளே சோதித்தால் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனைகூட அவரைக் கண்டுபிடிக்காது. நான்காம் நாள் சோதித்தாலும் நூற்றில் 67 பேருக்கு 'நெகட்டிவ்' என்றே வரும். அறிகுறி தோன்றும் நாளில் அது 38 ஆகக் குறைகிறது. எட்டாம் நாள் 20. இது முதல் அலைக் காலத்துக் கணக்கு. அதற்குப் பிறகு வந்த ஒமிக்ரான் வகைகளில் அறிகுறிகள் சீக்கிரம், பெரும்பாலும் மூன்று நாளிலேயே, தெரிந்துவிடுகின்றன. ஆனாலும் முதல் நாள் நெகட்டிவுக்கு இன்றும் மதிப்பில்லை.

என்னிடம் மாதிரி கொடுக்க வந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். அலுவலகத் தோழருக்குத் தொற்று என்று தெரிந்த மறுநாளே வந்தார். நெகட்டிவ். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான்கு நாள் கழித்துக் காய்ச்சலோடு திரும்பி வந்தார். கூடவே தங்கையும் மாப்பிள்ளையும். தாளில் ஒரு பிழையும் இல்லை. அவர்தான் சீக்கிரம் கேட்டுவிட்டார்.

கேள்வி: எதைத் 'தொடர்பு' என்று எடுத்துக்கொள்வது? மண்டபத்தில் எட்ட நின்று கையசைத்ததும் கணக்கா?

நம் நாட்டு வழிகாட்டுதல்களில் ஒரு மீட்டருக்குள், முகக்கவசமில்லாமல், 15 நிமிடத்துக்கு மேல் இருந்தால் நெருங்கிய தொடர்பு என்று வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஆறடி என்றார்கள். கோடு எங்கேயாவது போட்டாக வேண்டும் என்பதற்காகப் போட்ட கோடு அது. வைரஸ் காற்றிலும் மிதக்கும் என்பதால் கதவடைத்த ஏ.சி. மண்டபத்தில் பத்தடி தள்ளி மூன்று மணி நேரம் இருந்தவரைவிட, தென்னங்கீற்றுப் பந்தலில் ஐந்தடியில் பேசிவிட்டு நகர்ந்தவருக்கு ஆபத்து குறைவாக இருக்கலாம். கையசைத்ததை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: தொற்று உள்ளவர் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரப்பக்கூடியவர். 'அன்றைக்கு நன்றாகத்தானே இருந்தார்' என்ற சமாதானம் செல்லாது.

கேள்வி: ஆர்.டி.பி.சி.ஆர்., ரேபிட் ஆன்டிஜென் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஆர்.டி.பி.சி.ஆர். வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. கொரோனாவின் மரபணு ஆர்.என்.ஏ. வகை. அதை முதலில் டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, பிறகு சூடாக்கிக் குளிரவைத்து, ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காகப் பெருக்கிக்கொண்டே போவார்கள். பத்துச் சுற்றில் ஒன்று 1,024 ஆகிவிடும். 35 சுற்றில் 3,400 கோடியைத் தாண்டும். வைக்கோல் போரில் ஊசி தேடுவதற்குப் பதில், போர் முழுக்க ஊசியாகும்வரை ஊசியைப் பெருக்கும் வேலை. இந்தப் பெருக்கும் உத்தியை 1983-இல் யோசித்த கேரி முல்லிஸுக்கு 1993-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மிகக் குறைந்த அளவு வைரஸையும் இது பிடித்துவிடும் என்பதுதான் இதன் பலம். சில வேளை அதுவே தொல்லையாகவும் ஆகும்; பிறகு சொல்கிறேன்.

ரேபிட் ஆன்டிஜென் எதையும் பெருக்குவதில்லை. வைரஸின் புரதம் மாதிரியில் நேரடியாக இருக்கிறதா என்று ஒரு காகிதப் பட்டை பார்க்கிறது, கர்ப்பத்தை உறுதி செய்யும் பட்டை போல. 15 நிமிடத்தில் விடை. ஆனால் வைரஸ் நிறைய இருக்க வேண்டும். அதனால் இதில் பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

2020-இல் பல மாநிலங்கள் எண்ணிக்கையைக் கூட்ட ரேபிட் ஆன்டிஜெனைப் பெருமளவு பயன்படுத்தின. தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆரையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு முதுகு ஒடிந்தது. ஆனால் அது சரியான பிடிவாதம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

கேள்வி: மருந்துக் கடைக் கிட்டில் நெகட்டிவ். பேத்தியைப் பார்க்கப் போகலாமா?

ஒரு முறை செய்தது போதாது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஆகஸ்டில் சொன்ன முறையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். அறிகுறி இருந்தால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. அறிகுறி இல்லாமல் தொடர்பு மட்டும் இருந்தால் அதே இடைவெளியில் மூன்று முறை. ஆறாம் நாள் தொடங்கினால் எட்டு, பத்தாம் நாட்களில் மற்ற இரண்டும் முடிந்துவிடும். மூன்று கிட் வாங்க மனம் வராவிட்டால் ஆறாம் நாளுக்குப் பிறகு லேபில் ஒரே ஒரு ஆர்.டி.பி.சி.ஆர். கொடுங்கள்.

பேத்தி பிறந்த குழந்தை என்றால் பத்து நாள் பொறுங்கள். வீடியோ அழைப்பில் கொஞ்சுங்கள்.

கேள்வி: வீட்டுக் கிட்டில் மக்கள் எங்கே தவறு செய்கிறார்கள்?

வாசலிலேயே. மூக்கின் ஓரத்தைத் தொட்டுவிட்டு எடுத்துவிடுகிறார்கள். நம் ஊரில் முதலில் அனுமதி பெற்ற வீட்டுக் கிட் கோவிசெல்ஃப், 2021 மே மாதம் வந்தது. அதில் குச்சியை ஒவ்வொரு நாசித் துளையிலும் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் உள்ளே விட்டு ஐந்து முறை சுழற்றச் சொல்வார்கள். பக்கச் சுவரை உரசிச் சுழல வேண்டும். கண்ணில் நீர் கோத்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். ஒரே குச்சிதான் இரு துளைக்கும். மூக்கைச் சிந்திவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த தவறு, குச்சியைக் குழாயில் முக்கியவுடன் எடுத்துவிடுவது. குழாயை வெளியிலிருந்து விரலால் அழுத்திப் பிழிந்து, குச்சியிலிருப்பது திரவத்தில் இறங்கும்படி செய்ய வேண்டும். பிறகு பட்டையில் இரண்டே சொட்டு. மூன்றாவது சொட்டுப் புண்ணியம் சேர்க்காது.

பிறகு நேரம். 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும். 20 நிமிடம் கடந்துவிட்டால் அந்த விடை செல்லாது. பட்டையை மேடையில் வைத்துவிட்டுக் குழம்பு தாளித்து இறக்கி, சாதம் வடித்து வந்து பார்ப்பவர்கள்தான் 'கோடு முதலில் இல்லை, இப்போது இருக்கிறது' என்று எனக்குப் படம் அனுப்புகிறார்கள். கிட்டுக்குக் கிட் சொட்டும் நிமிடமும் மாறும் என்பதால் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: பட்டையில் டி (T) எழுத்துக்கு நேரே மங்கலாக ஒரு கோடு. இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

குறித்த நேரத்துக்குள் தெரிந்தால் அது பாசிட்டிவ். சிறு கீற்றானாலும் கோடு கோடுதான். சி (C) எழுத்துக்கு நேரே கோடு வராவிட்டால் மட்டும் கிட்டே வேலை செய்யவில்லை; தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று எடுங்கள்.

கேள்வி: லேப் தாளில் 'சி.டி. 18' என்று இருக்கிறது. நுரையீரல் 18 சதவீதம் போய்விட்டதா?

இந்தக் கேள்வியால் 2021-இல் எத்தனை வீடுகளில் தூக்கம் போனதென்று சொல்லி மாளாது. சி.டி. என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் உலாவுகின்றன. மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்தால் அதில் நுரையீரல் பாதிப்புக்கு 25-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். ஆர்.டி.பி.சி.ஆர். தாளில் இருப்பது அதுவல்ல. வைரஸ் தெரியவர இயந்திரம் எத்தனை சுற்றுப் பெருக்கியது என்ற எண் அது. நிறைய வைரஸ் இருந்தால் சில சுற்றிலேயே தெரிந்துவிடும், எண் சிறியதாக வரும். 35 வரை பாசிட்டிவ் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்திருந்தது.

ஆக, 18 வந்தவரின் மாதிரியில் 28 வந்தவருடையதைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வைரஸ் துணுக்கு இருந்தது என்று கணக்குப் போடலாம். ஆனால் குச்சி எவ்வளவு ஆழம் போனது, மாதிரி குளிர்ப்பெட்டியில் ஒழுங்காக வந்ததா, எந்த நிறுவனத்தின் கிட் என்பதைப் பொறுத்தெல்லாம் அந்த எண் ஆடும். அதைவைத்து நோய் முற்றுமா முற்றாதா என்று சோதிடம் பார்க்க முடியாது. 18 வந்தும் இரண்டு நாள் தலைவலியோடு எழுந்தவர்கள் உண்டு. 30 வந்து ஆக்சிஜன் தேடி அலைந்தவர்களும் உண்டு.

சாதாரணக் காய்ச்சலுக்கு நீங்களாகவே மார்பு ஸ்கேன் எடுக்கப் போகாதீர்கள். அப்போது எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரந்தீப் குலேரியா 2021 மே மாதத்தில் இதையே எச்சரித்தார்.

கேள்வி: தடுப்பூசி போட்டவர்களுக்குப் பரிசோதனை பாசிட்டிவ் என்றே காட்டுமாமே?

காட்டாது. ஆர்.டி.பி.சி.ஆரும் ஆன்டிஜெனும் வைரஸைத் தேடுகின்றன. தடுப்பூசி அவற்றின் கண்ணில் படாது. ரத்தத்தில் பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனையில்தான் தடுப்பூசியின் தடயம் தெரியும். அந்த ரத்தப் பரிசோதனை, தொடர்புக்குப் பின் தொற்று வந்ததா என்று அறிய உதவாது. எதிர்ப்புப் புரதம் உருவாகவே ஒன்றிரண்டு வாரம் ஆகிவிடும். 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசே நிறுத்திவைத்தது பலருக்கு நினைவிருக்கும்.

கேள்வி: ஆறாம் நாள்வரை வீட்டில் எப்படி இருப்பது? எங்கள் வீட்டில் ஒரே குளியலறை.

2020-இல் இதற்குப் பதில் 14 நாள் அடைப்பு. சென்னையில் வீட்டு வாசலில் தகரம் அடித்த காலம் அது. இன்று அறிகுறி இல்லாத ஒருவர் வேலைக்குப் போகாமல் முடங்கத் தேவையில்லை. ஆனால் பத்து நாளைக்கு நான்கு சுவருக்குள் மற்றவர்களோடு இருக்கும்போது முகக்கவசம் போடுங்கள். துணிக் கவசம் அல்ல, என்.95 வகை, மூக்குப் பாலத்தில் கம்பியை அழுத்திவிட வேண்டும். தாடைக்குக் கீழே தொங்கினால் அது தாடிக்குத்தான் கவசம்.

ஒரே குளியலறை என்றால் நீங்கள் கடைசியாகப் போங்கள். வெளியேறும்போது ஜன்னலையோ காற்று வெளியேற்றும் விசிறியையோ திறந்துவிடுங்கள். தட்டு, டம்ளரைப் பிரித்து வைப்பதில் காட்டும் அக்கறையில் பாதியை ஜன்னல் மீது காட்டினால் போதும். இந்த வைரஸ் பாத்திரத்தைவிட மூச்சில்தான் அதிகம் பரவுகிறது. வீட்டில் அறுபதைத் தாண்டியவர், டயாலிசிஸ் செய்பவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் இருந்தால் சாப்பாட்டை மட்டுமாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பேசுவதும் சிரிப்பதும் முகக்கவசத்தைக் கழற்றுவதும் சாப்பாட்டு வேளையில்தானே.

தொற்று உள்ளவர் உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரே என்றால் காலண்டர் வட்டம் நகரும். அவரோடு கடைசியாக நெருங்கி இருந்த நாள்தான் உங்கள் பூஜ்யம்.

கேள்வி: தொடர்பில் இருந்த எல்லோருமே பரிசோதிக்க வேண்டுமா?

2022 ஜனவரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. அறிகுறி இல்லாதவர்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு போன்றவை உள்ளோரும் மட்டும் பரிசோதித்தால் போதும் என்றார்கள். நான் ஒரு வகையினரைச் சேர்த்துக்கொள்வேன்: அப்படிப்பட்டவர்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்துவிட்டது. கொரோனாவா, டெங்குவா?

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இதுதான் சரியான கேள்வி. மூக்கடைப்பு, தொண்டை எரிச்சல், இருமல் என்று மேலே சுற்றினால் கொரோனா அல்லது ஃப்ளூ பக்கம் சாயலாம். கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு முறிகிற மாதிரி உடல்வலி, சளியே இல்லாத கடும் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்க வேண்டும். ஆனால் அறிகுறியை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. இரண்டுக்கும் மாதிரி கொடுப்பதே மேல். கொரோனா கிட் நெகட்டிவ் என்பதற்காக டெங்கு ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள்.

அதுவரை பாரசிட்டமால் மட்டும். டெங்கு இல்லையென்று தெரியும்வரை ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் எதையும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்க வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: பாசிட்டிவ். இனி?

முதல் வேலை, அறிகுறி தொடங்கிய தேதியைக் காலண்டரில் எழுதுவது. வயதானவர், இணைநோய் உள்ளவர் என்றால் அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள். நிர்மாட்ரெல்விர்-ரிட்டோனாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும். அது கொழுப்புக்கான ஸ்டாட்டின் உட்படப் பல மாத்திரைகளோடு மோதும் என்பதால் சாப்பிடும் மாத்திரை அட்டை அத்தனையையும் அவரிடம் காட்டுங்கள்.

'ஸ்டீராய்டு போட்டால் சீக்கிரம் சரியாகும்' என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். 2020-இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காத்தது உண்மைதான், ஆனால் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு. தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் காணவில்லை. 2021-இல் கண்டபடி ஸ்டீராய்டு கொடுத்ததும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்து கருப்புப் பூஞ்சையைக் கொண்டு வந்து விட்டதை மறக்க முடியாது.

எத்தனை நாள் தனிமை? நம் சுகாதார அமைச்சகம் 2022 ஜனவரியில் சொன்னது, ஏழு நாள்; அதில் கடைசி மூன்று நாளும் காய்ச்சல் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 2024 மார்ச் முதல் தளர்த்திவிட்டார்கள்: மருந்தில்லாமல் 24 மணி நேரம் காய்ச்சலின்றி இருந்து, உடம்பும் தேறினால் வெளியே வரலாம், அடுத்த ஐந்து நாள் முகக்கவசம் முதலான எச்சரிக்கை. தனியாக வாழும் இளைஞருக்கு அமெரிக்கக் கணக்கு போதும். பாட்டி இருக்கும் வீட்டில் நான் ஏழு நாள் கட்சி.

கேள்வி: பல்ஸ் ஆக்சிமீட்டரில் எந்த எண் வந்தால் பயப்பட வேண்டும்?

ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை பார்த்தும் 93 அல்லது அதற்குக் கீழே நின்றால் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். நகப்பூச்சும் மருதாணியும் இல்லாத விரலில், கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். கருத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2020 டிசம்பரில் ஆய்வொன்று வந்தது. நம்மில் பெரும்பாலோர் என்ன நிறம் என்று தெரியும்தானே. எண் 95 என்று காட்டினாலும் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, நெஞ்சு அழுத்துகிறது, ஆள் குழம்பிப் பேசுகிறார் என்றால் ஆளை நம்புங்கள், கருவியை வேண்டாம்.

கேள்வி: மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆர்.டி.பி.சி.ஆர். இன்னும் பாசிட்டிவ் என்கிறது.

முன்பு சொன்ன தொல்லை இதுதான். உயிரற்ற வைரஸ் துணுக்கையும் அது பெருக்கிக் காட்டிவிடும். வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட. அதனால்தான் குணமானவர்கள் மறுபடி பரிசோதிக்க வேண்டாம் என்கிறார்கள். இடையில் புதிதாகக் காய்ச்சல் வந்து சந்தேகம் என்றால் ஆன்டிஜென் கிட் எடுங்கள்.

கேள்வி: கபசுரக் குடிநீர் குடிக்கிறோம். பரிசோதனை அவசியமா?

குடிப்பது உங்கள் விருப்பம். காலண்டர் வட்டம் அதனால் அழியாது.

கேள்வி: பீரோவில் 2022-இல் வாங்கிய இரண்டு கிட் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

உறையின் மீதுள்ள காலாவதித் தேதியைப் பாருங்கள், அநேகமாகத் தாண்டியிருக்கும். பட்டையில் பூசியிருப்பது புரதம், அதுவும் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் வெந்த புரதம். சி கோடு வந்தாலும் அந்த நெகட்டிவை நான் நம்ப மாட்டேன். புதிதாக வாங்குவதென்றால் ஒன்றாக வாங்காமல் குறைந்தது இரண்டாக வாங்குங்கள். இரண்டாவது, 48 மணி நேரம் கழித்துத் தேவைப்படும்.